சதுரங்கப் பலகை தந்த பேரெண்

சதுரங்க ஆட்டத்தை அமைத்த அறிஞன் ஒருவன் தன் அரசனிடம் பரிசு கேட்ட கதையை அறியாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாங்கட்டத்தில் இரண்டு, மூன்றாங்கட்டத்தில் நான்கு, இவ்வாறே அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்து இரட்டித்துத் தந்தால் போதும் என்றான் அவன். "இவ்வளவுதானா?" என்று நகைத்தபடி அரசன் இசைந்தான்; பின்னர்க் களஞ்சியங்கள் எல்லாம் வறண்டும் கணக்குத் தீரவில்லை. இந்திய நாட்டில் நிகழ்ந்ததாக இக்கதையை 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் என்பார் அரபு மொழியில் எழுதிவைத்தார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகட்கு மேல் முந்தியவரான அல்பிருனி, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய தம் நூலிலேயே அந்த மணிகளின் தொகையைப் பிழையின்றிக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். அத்தொகை இது:

18,446,744,073,709,551,615

நம் வழக்கப்படி சொல்வதாயின், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியும், நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியும், தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்தும் ஆகும்.

கதைப் புத்தகங்கள் இவ்வெண்ணை எழுதிக் காட்டி, "பார்த்தீர்களா, எத்துணைப் பெரிது!" என்று வியந்து அவ்வளவில் நின்றுவிடுகின்றன. பெரிதாக இருப்பது ஓர் எண்ணுக்குச் சிறப்பன்று. இதைவிடப் பெரிய எண்ணை ஒரு சிறு பிள்ளை நீளமாக ஒன்பதுகளை எழுதியே ஆக்கிவிடலாம். இவ்வெண்ணின் சிறப்பு அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. அதனைத் திறந்து பார்த்தால், பெருங்கணித மேதை ஒருவர் ஏறத்தாழத் தம் வாழ்நாள் முழுதும் நம்பிய ஒரு கூற்று அதற்குள் உடைந்து கிடப்பதைக் காணலாம். அதைக் காண்பதற்கு உயர்கணிதம் வேண்டுவதில்லை. பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.

ஒரு மணி சேர்த்தால்

முதலில், அறுபத்து நான்கு எண்களையும் வரிசையாக எழுதிக் கூட்ட வேண்டுவதில்லை என்பதை மாணவர்க்குக் காட்டுதல் நன்று. பலகைக்கு வெளியே ஒரே ஒரு மணியை வைத்துக்கொள்க. அதனோடு முதற்கட்டத்து மணி சேர்ந்தால் 2. அதனோடு இரண்டாங்கட்டத்தின் 2 சேர்ந்தால் 4. மூன்றாங்கட்டத்தின் 4 சேர்ந்தால் 8. ஒவ்வொரு கட்டத்தையும் சேர்க்கும்போது கையில் உள்ளது இரு மடங்காகிறது. அறுபத்து நான்கு கட்டமும் முடிந்தால் 1 என்பது அறுபத்து நான்கு முறை இரட்டித்திருக்கும். அஃதாவது 2இன் 64ஆம் அடுக்கு. வெளியிலிருந்து கொணர்ந்த ஒரு மணியைத் திருப்பி எடுத்துக்கொண்டால் அரசன் தர வேண்டிய தொகை கிடைக்கிறது. எனவே நம் பேரெண், 2இன் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது.

அந்த அடுக்கைக் காண்பதற்கும் அறுபத்து நான்கு முறை இரட்டிக்க வேண்டா. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், அஃதாவது வர்க்கம் செய்தால், அடுக்கு இரு மடங்காகும். 2இன் வர்க்கம் 4. 4இன் வர்க்கம் 16. 16இன் வர்க்கம் 256. 256இன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 4,294,967,296. அதன் வர்க்கம் 18,446,744,073,709,551,616. ஆறே பெருக்கலில் வேலை முடிந்தது. அல்பிருனி பிடித்த வழியும் இவ்வாறு வர்க்கத்தின் மேல் வர்க்கம் ஏறிச் செல்வதே.

இந்த ஏணியின் ஐந்தாம் படியைச் சற்று நோக்குக. அதில் ஒன்று குறைந்த 4,294,967,295 என்பது பலகையின் முதற்பாதியான 32 கட்டங்களின் தொகை. ஒரு கிராமுக்கு நாற்பது அரிசி என்று வைத்துக்கொண்டால் இது ஏறத்தாழ 107 டன். ஓர் அரசனுக்கு இது பொருட்டன்று. பாதிப் பலகை முடியும்வரை அவன் முகத்தில் சிரிப்பு மாறியிராது. மொத்தத் தொகையோ 46,000 கோடி டன்னுக்கும் மேல். இன்று உலகம் முழுதும் ஓராண்டில் ஆக்கும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மிகுதி என்பதால், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு விளைச்சல் வேண்டும். இரண்டாம் பாதிதான் அரசனைக் கவிழ்த்தது.

பேரெண்ணை உடைத்தல்

இனி உள்ளே நுழைவோம். இருபது இலக்கமுள்ள ஓர் எண்ணைத் தந்து, இதன் காரணிகளைக் காண்க என்றால் எவரும் மலைப்பர். ஆனால் இவ்வெண் எவ்வாறு பிறந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பிறப்பே அதனைத் திறக்கும் சாவி.

ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் குறைத்தால் வருவது, அவ்வெண்ணில் ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதும் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். 16இன் வர்க்கம் 256. அதில் ஒன்று குறைந்த 255 என்பது 15 × 17. இஃது இயற்கணிதப் பாடத்தின் தொடக்கத்திலேயே வருவது. நம் பேரெண் 4,294,967,296 என்பதன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தது. ஆகவே அது 4,294,967,295 × 4,294,967,297 ஆகும். இவற்றுள் முதல் எண்ணும் வர்க்கத்தில் ஒன்று குறைந்ததே. அது 65,535 × 65,537. மறுபடியும் 65,535 என்பது 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. வெங்காயத்தின் தோல்போல ஒவ்வொன்றாக உரிந்து வருகிறது. முடிவில்,

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

என்று பேரெண் ஆறு துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. ஆறும் ஒரே குடும்பம். 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296 என்ற நம் ஏணியின் ஒவ்வொரு படியோடும் ஒன்று சேர்த்தால் வருபவை.

இவ்வாறு உடைந்தவற்றை மேலும் உடைக்க இயலுமா? 3, 5, 17 ஆகியவை பகா எண்கள். 1ஆலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. 257உம் பகா எண்ணே. 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறாலும் வகுத்துப் பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். 65,537க்கு 256 வரையிலுள்ள 54 பகா எண்களைக் கொண்டு வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை. அதுவும் பகா எண்ணே. ஐந்தும் பகா எண்கள். ஆறாவது?

ஃபெர்மாவின் நம்பிக்கை

17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் நீதிமன்ற அலுவல் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்தவர் பியேர் ஃபெர்மா. எண் கணிதத்திற்கு அவர் செய்த தொண்டு அளவிடற்கரியது. அவர் இக்குடும்பத்தின் முதல் ஐந்து எண்களும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, இனி வரும் எல்லாமே பகா எண்கள்தாம் என்று உறுதிகொண்டார். 1640ஆம் ஆண்டில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இதனை வெளியிட்டார். தம்மிடம் நிறுவல் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1654இல் பாஸ்கலுக்கு எழுதும்போதும் இக்கருத்தை அவர் விடவில்லை.

ஆறாவதாகிய 4,294,967,297 என்பதை நேரே சோதிப்பதானால் 65,536 வரையிலுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை மொத்தம் 6,542. கையால் எழுதி வகுத்த காலத்தில் யார்தாம் அதற்குத் துணிவர்? எனவே அக்கூற்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அசையாமல் நின்றது.

1729இல் கோல்டுபாக் என்பவர், உருசியாவில் கணிதம் ஆய்ந்துகொண்டிருந்த இளைஞர் ஆய்லருக்குக் கடிதம் எழுதி, ஃபெர்மாவின் இக்கூற்றைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டார். ஆய்லர் முதலில் அதில் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. ஆனால் 1732இல் விடை வந்தது. 4,294,967,297 பகா எண் அன்று. அது 641ஆல் மீதியின்றி வகுபடும். ஈவு 6,700,417.

இதனைப் பதினைந்து இலக்கப் பெருக்கல் எதுவுமின்றி வகுப்பறையிலேயே சோதிக்கலாம். மீதியை மட்டும் கவனித்து வந்தால் போதும். 65,536ஐ 641ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. அடுத்த படி 65,536இன் வர்க்கம். அதன் மீதியைக் காண 154இன் வர்க்கத்தைப் பார்த்தாலே போதும். 154 × 154 = 23,716. 641 × 37 = 23,717. ஒன்றே ஒன்று குறைகிறது! ஆகவே 4,294,967,296 என்ற எண், 641இன் மடங்குக்கு ஒன்று குறைவாக நிற்கிறது. அதனோடு ஒன்று சேர்த்தால் சரியாக வகுபடும். கரும்பலகையில் நான்கு வரி. ஒரு மேதையின் நம்பிக்கை அந்த நான்கு வரியில் வீழ்ந்தது.

641 எங்கிருந்து வந்தது?

6,542 எண்களுள் 641ஐ ஆய்லர் எவ்வாறு பொறுக்கியெடுத்தார்? இதுவே நுட்பமான இடம். ஆசிரியர்கள் சற்று நின்று கவனித்தல் வேண்டும்.

1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256 ஆகியவற்றை 17ஆல் வகுத்து மீதிகளை எழுதுக: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, பிறகு மறுபடியும் 1. அதன்பின் அதே எட்டும் திரும்பத் திரும்ப வரும். எட்டுக் கால்களையுடைய ஒரு சக்கரம் என்று கொள்ளலாம். 7ஆல் வகுத்தால் மீதிகள் 1, 2, 4, பிறகு 1. மூன்று கால் சக்கரம். இரட்டைப்படையல்லாத எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இத்தகைய சக்கரம் ஒன்று உண்டு. அப்பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணை அச்சக்கரத்தின் கால் எண்ணிக்கை சரியாக வகுக்கும். 17இல் ஒன்று குறைந்தால் 16; 8 அதனை வகுக்கிறது. 7இல் ஒன்று குறைந்தால் 6. 3 அதனை வகுக்கிறது.

இப்போது ஏதோ ஒரு பகா எண் 4,294,967,297ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் 2இன் 32ஆம் அடுக்கு அப்பகா எண்ணின் மடங்குக்கு ஒன்று குறைவாக நிற்கும். ஒன்று குறைவாக நிற்பதன் வர்க்கம் எப்போதும் மீதி 1 தரும். 640 × 640ஐ 641ஆல் வகுத்துப் பார்க்கலாம். ஆகவே 64ஆம் அடுக்கில் சக்கரம் 1க்குத் திரும்பிவிடுகிறது. அப்படியாயின் கால்களின் எண்ணிக்கை 64ஐ வகுக்க வேண்டும். அது 32 அல்லது 16 அல்லது அவற்றினும் சிறியதாக இருக்குமா? இருந்தால் 32ஆம் அடுக்கிலேயே மீதி 1 வந்திருக்கும். ஆனால் அங்கே ஒன்று குறைவு என்று கண்டோம். ஆகவே சக்கரத்திற்குச் சரியாக 64 கால்கள். அந்த 64, பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுத்தாக வேண்டும்.

எனவே வகுக்கும் பகா எண், 64இன் மடங்கோடு ஒன்று சேர்ந்ததாக இருந்தாலன்றி ஆகாது. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிக்கொண்டு போனால், இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. 4,294,967,297ஐ 193ஆல் வகுத்தால் மீதி 109, 257ஆல் வகுத்தால் 2, 449ஆல் 325, 577ஆல் 288. ஐந்தாவதாகிய 641இல் மீதி இல்லை. ஆறாயிரத்து ஐந்நூறு வகுத்தல் ஐந்தாகச் சுருங்கிவிட்டது. 1732இல் காரணியை மட்டும் சொல்லிச் சென்ற ஆய்லர், பின்னர் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விதியை நிறுவிக்காட்டினார். எஞ்சிய 6,700,417ஐ இதே முறையில் சோதித்தால் 64இன் மடங்கோடு ஒன்று கூடிய நாற்பது எண்களைப் பார்த்தாலே போதும். அது பகா எண் என்பது தெளிவாகும்.

இதில் உள்ள விந்தை யாதெனின், சக்கரத்தைப் பற்றிய அந்த விதியைக் கண்டுபிடித்தவர் வேறு எவரும் அல்லர், ஃபெர்மாவேதான். அதுவும் அதே 1640ஆம் ஆண்டில்! தம் நம்பிக்கையை ஐந்தே வகுத்தலில் சோதிக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சோதிக்காமற்போனார், அல்லது சோதித்தும் கணக்கில் எங்கோ தவறினார். இரண்டில் எது என்று அறிதற்குச் சான்று இல்லை.

நம் வகுப்பறைகளில் மூன்று எடுத்துக்காட்டுகளை எழுதிப்போட்டு, "ஆகவே எப்போதும் இப்படித்தான்" என்று முடித்துவிடும் வழக்கம் உண்டு. இலக்கணப் பாடத்திலும் இது நடப்பதே. அங்கே விதிவிலக்கு என்று ஒன்றைச் சொல்லித் தப்பிக்கொள்ளலாம். கணிதத்தில் அதற்கு இடமில்லை. ஒரே ஒரு விலக்கு வந்தாலும் விதி இறந்துபடும். ஐந்து சான்று கண்டு ஃபெர்மா தவறினார் என்பதை மேல்வகுப்பு மாணவர்க்குச் சொல்வது, எடுத்துக்காட்டுக்கும் நிறுவலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்துப் பக்க விளக்கத்தினும் நன்றாகப் பதியவைக்கும் என்பது என் கருத்து.

பாதிப் பலகையும் பலகோணமும்

தவறிய ஃபெர்மாவின் எண்கள் வீண்போகவில்லை. 1796இல், பத்தொன்பது வயது நிறையாத செருமானிய இளைஞர் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு சம பக்கமுள்ள பதினேழு கோணத்தை வரைய முடியும் என்று கண்டார். கிரேக்கர் காலம் முதல் மூன்று கோணமும் ஐங்கோணமும் பதினைந்து கோணமும் வரையத் தெரியும். 17 என்பது எவரும் எதிர்பாராதது. ஒற்றைப்படைப் பக்கமுள்ள சமபலகோணம் ஒன்றை வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை ஃபெர்மாவின் பகா எண்களுள் ஒன்றாகவோ, அவற்றுள் வெவ்வேறானவற்றின் பெருக்கமாகவோ இருத்தல் வேண்டும் என்பதே விதி. காஸ் 1801இல் இதனை நூலில் வெளியிட்டார். வேறு எண்களுக்கு இயலாது என்ற மறுபாதியை 1837இல் வான்செல் என்ற பிரெஞ்சுக்காரர் நிறுவினார்.

நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்துமே. இவ்வைந்தையும் பெருக்கினால் வருவது 4,294,967,295. அஃது அரசன் முகத்தில் சிரிப்பு மாறாதிருந்த பாதிப் பலகையின் தொகை அன்றோ! அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், 1 நீங்கலாக, 31. நாம் வரைய முடியும் என்று அறிந்த ஒற்றைப்படைச் சமபலகோணங்கள் அந்த முப்பத்தொன்றே. அவற்றுள் 65,537 பக்கமுடையதன் வரைமுறையைக் கணக்கிடுவதில் ஏர்மெசு என்ற செருமானிய ஆசிரியர் பத்தாண்டுகளைச் செலவிட்டார். அந்தக் கையெழுத்துச் சுவடி கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்பட்டது.

சதுரங்க எண்ணை இன்று மிகுதியாகப் பயன்படுத்துவன கணினிகள். 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எண்களை எழுதும் கணினிக்கு 64 இடங்கள் தரப்பட்டால், எல்லா இடங்களிலும் 1 நிற்கும்போது வரும் மிகப் பெரிய எண் இதுவே. சதுரங்கப் பலகையின் ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டம். கணினியின் ஒரு பைட்டுக்கு எட்டு இடம்.

ஆக, பேரெண்ணின் முழு உடைப்பு 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் அதனை வகுக்கும் எண்கள் மொத்தம் 128.

அரசன் தர வேண்டிய தொகையோடு இரண்டு மணிகளைக் கூட்டினால் ஃபெர்மா குடும்பத்தின் ஏழாவது எண் வரும்: 18,446,744,073,709,551,617. அதனை 1880இல் எண்பது வயதைக் கடந்த லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் 274,177 × 67,280,421,310,721 என்று உடைத்து வெளியிட்டார். இங்கே சக்கரத்துக்கு 128 கால்கள்; 274,177 என்பது 128இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த எண்களின் வரிசையில் 2,142ஆவதாக நிற்பது. அதற்கு மேலும் பல எண்கள் சோதிக்கப்பட்டுள்ளன. 65,537க்குப் பின் தொடர்ந்து வரும் இருபத்தெட்டு எண்களும் பகா எண்கள் அல்ல என்று உறுதியாகிவிட்டது. அவற்றை அடுத்து நிற்கும் எண்ணுக்கு ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள். அது பகா எண்ணா, அன்றா என்பதை இதுவரை எவரும் முடிவுசெய்யவில்லை.